தவறுக்கு ஒரு நோட்டு



நமது அறக்கட்டளையின் கல்விப் பிரிவு ஞாயிற்றுக்கிழமைகளில் அஸருக்குப் பிறகு பாய்லர் தேர்வுக்கான வகுப்பு நடத்தி வருவதை அறிவீர்கள். அந்த வகுப்பில் பிள்ளைகள் மாதிரித் தேர்வு எழுதுகிறார்கள். அதில் அவர்கள் செய்த தவறுகளிலிருந்து அவர்கள் கற்றார்கள். அந்தத் தேர்வை நடத்திய விதத்தில் நாங்கள் ஒரு தவறு செய்தோம், அதிலிருந்து நாங்களும் கற்றோம். எந்தத் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தாலும் இந்தப் பாடம் உதவும் என்பதால் இங்கே எழுதுகிறோம்.

எதற்கு இந்தச் சான்றிதழ்?

திருப்பூரில் பனியன் துணிக்குச் சாயம் ஏற நீராவி வேண்டும். சாயப்பட்டறையின் பின்பக்கம் புகைபோக்கியோடு நிற்கும் பாய்லர்தான் அதைத் தருகிறது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டதும், கழிவுநீர் ஒரு சொட்டும் நொய்யலுக்குப் போகக்கூடாது என்ற நிபந்தனையோடு அவை மீண்டும் இயங்கியதும் நமக்கு மறக்காது. உப்புநீரைக் காய்ச்சி ஆவியாக்கும் வேலை பெருகியபோது நீராவியின் தேவையும் கூடியது.

அந்த பாய்லரை யார் வேண்டுமானாலும் ஓட்டிவிட முடியாது. 1863இல் கல்கத்தாவில் ஒரு பாய்லர் வெடித்து உயிர்கள் போன பிறகு, 1864இல் வங்காளத்தில் இதற்கென முதல் சட்டம் வந்தது. பின்னர் 1923இல் நாடு முழுமைக்குமான சட்டம் வந்தது. இப்போது அதன் இடத்தில் 2025ஆம் ஆண்டின் புதிய பாய்லர் சட்டம் இருக்கிறது. சட்டங்கள் மாறினாலும் அடிப்படை ஒன்றுதான்: பாய்லரின் பொறுப்பில் தகுதிச் சான்றிதழ் பெற்றவர் இருக்க வேண்டும். இரண்டாம் வகுப்பு அட்டெண்டண்ட், முதல் வகுப்பு அட்டெண்டண்ட், அவற்றுக்கு மேல் பாய்லர் ஆபரேஷன் இன்ஜினியர் என்று படிகள் உண்டு. கடைசிச் சான்றிதழுக்கு இன்ஜினியரிங் பட்டமோ டிப்ளமோவோ இருக்க வேண்டும். பாய்லரில் வேலை செய்த அனுபவமும் வேண்டும். எழுத்துத் தேர்வும் உண்டு, அதிகாரிகள் நேரில் உட்கார்ந்து கேட்கும் வாய்மொழித் தேர்வும் உண்டு.

நம் பிள்ளைகள் பலர் மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்துவிட்டு, ஒன்றரை ஷிப்ட் பார்த்துக்கொண்டு, ஹெல்பர் சம்பளத்திலேயே வருடக்கணக்காக இருக்கிறார்கள். இந்தச் சான்றிதழ் கையில் வந்தால் அவர்கள் நிலை மாறும். வகுப்பு அதற்காகத்தான் தொடங்கப்பட்டது. நம் மஹல்லாவைச் சேர்ந்த, ஓய்வு பெற்ற பொறியாளர் ஒருவர் கூலி எதுவும் வாங்காமல் பாடம் நடத்துகிறார். பிள்ளைகள் அவரை 'சார்' என்பார்கள். நாமும் அப்படியே சொல்வோம்.

ஏழு பேர் எழுதிய ஒரே தவறான பதில்

முதல் மாதிரித் தேர்வை 11 பேர் எழுதினார்கள். அதில் ஒரு கேள்வி: 'பாய்லர் ஓடிக்கொண்டிருக்கிறது. கேஜ் கிளாஸில் தண்ணீர் தெரியவில்லை. நீங்கள் என்ன செய்வீர்கள்?'

ஏழு பேர் ஒரே பதிலை எழுதியிருந்தார்கள்: 'உடனே ஃபீட் பம்பைப் போட்டுத் தண்ணீர் ஏற்றுவேன்.'

பாய்லரை அறியாதவர்களுக்கு இது நியாயமான பதிலாகவே தோன்றும். அடுப்பில் பாத்திரம் வறண்டால் நாம் தண்ணீர் ஊற்றுவதில்லையா? ஆனால் பாய்லரில் இது உயிரைப் பறிக்கும் பதில். கிளாஸில் தண்ணீர் தெரியாத அளவுக்கு மட்டம் இறங்கியிருந்தால், உள்ளே நெருப்பு படும் குழாய்களும் தகடுகளும் தண்ணீர் இல்லாமல் பழுக்கக் காய்ந்திருக்கலாம். சூடேறிய இரும்பு பலம் இழந்திருக்கும். அதன் மேல் குளிர்ந்த தண்ணீர் பட்டால் இரண்டு காரியங்கள் ஒரே நேரத்தில் நடக்கும். இரும்பு சட்டென்று சுருங்கி விரிசல் விடும். தண்ணீர் நொடியில் ஆவியாகும். வெளிக்காற்றின் அழுத்தத்தில் ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியானால் சுமார் 1,600 மடங்கு இடம் கேட்கும். மூடிய பாத்திரத்துக்குள் அந்த இடம் எங்கே இருக்கிறது?

சரியான பதில் இது. முதலில் கேஜ் கிளாஸின் காக்குகளைத் திறந்து மூடி, கிளாஸ் அடைத்திருக்கிறதா, உண்மையிலேயே தண்ணீர் இல்லையா என்று பார்க்க வேண்டும். தண்ணீர் திரும்பி வராவிட்டால் உடனே நெருப்பை அடக்க வேண்டும். விறகு பாய்லர் என்றால் விறகு போடுவதை நிறுத்தி, எஃப்டி, ஐடி விசிறிகளை நிறுத்த வேண்டும். ஃபீட் தண்ணீரைத் திறக்கவே கூடாது. பாய்லரைத் தானாக ஆறவிட்டு, பொறுப்பாளருக்குச் சொல்லி, சோதித்துப் பார்த்த பிறகுதான் அடுத்த வேலை.

அந்த ஏழு பேரில் ஒருவர், சாயப்பட்டறை பாய்லரில் நான்கு வருடம் நின்றவர். அவருடைய தாளில்தான் அந்தப் பதில் மிகத் தெளிவாக, அடிக்கோடு போட்டு எழுதப்பட்டிருந்தது.

எங்கள் தவறு

இந்த இடத்தில் நாங்கள் செய்த காரியத்தை மறைக்காமல் எழுத வேண்டும். தேர்வு முடிந்த மறுநாள், 11 பேரின் பெயரையும் மார்க்கையும் வரிசைப்படுத்தி அறக்கட்டளை அலுவலகத்தின் நோட்டீஸ் போர்டில் ஒட்டினோம். பிள்ளைகளுக்கு ஊக்கம் வரும் என்று நினைத்தோம். ஜும்ஆவுக்கு வந்தவர்கள் நின்று படித்துவிட்டுப் போனார்கள். பட்டியலின் கடைசிக்கு முந்தைய பெயர், நான்கு வருடம் பாய்லரில் நின்ற அந்தத் தம்பியின் பெயர்.

அடுத்த ஞாயிறு வகுப்புக்கு எட்டுப் பேர்தான் வந்தார்கள். அந்தத் தம்பி வரவில்லை. வந்த எட்டுப் பேரும் இரண்டாவது மாதிரித் தேர்வில் நல்ல மார்க் வாங்கினார்கள். எங்களுக்குச் சந்தோஷம். சார் மட்டும் தாள்களைப் புரட்டிவிட்டுச் சொன்னார்: "எட்டுத் தாளிலயும் ஒரே வரி, ஒரே எழுத்துப் பிழை. பார்த்து எழுதியிருக்காங்க. போர்டுல பேர் கீழ வரக்கூடாதுங்கற பயம்."

மாதிரித் தேர்வு என்பது தவறு செய்வதற்காகவே உள்ள இடம். அங்கே செய்த தவறைச் செலவில்லாமல் திருத்திக்கொள்ளலாம். உண்மைத் தேர்வில் செய்தால் ஒரு வாய்ப்பு போகும். பாய்லர் முன்னால் செய்தால் என்ன போகும் என்று சொல்ல வேண்டியதில்லை. 2020 ஜூலை 1 அன்று நெய்வேலி அனல்மின் நிலையத்தில் நடந்த பாய்லர் விபத்தில் தொழிலாளர்கள் பலர் உயிரிழந்த செய்தியை நாம் எல்லோரும் கேட்டோம். தவறைச் செலவில்லாமல் செய்யக்கூடிய ஒரே இடத்தை, தவறை ஒளித்துவைக்கும் இடமாக நாங்கள் ஆக்கிவிட்டோம்.

பட்டியலைக் கிழித்தோம். நிர்வாகிகள் இருவர் அந்தத் தம்பியின் வீட்டுக்குப் போய், "போர்டுல போட்டது எங்க தப்பு தம்பி" என்று சொன்னோம். அவருடைய அம்மா டீ கொடுத்தார். தம்பி அதிகம் பேசவில்லை. ஆனால் அடுத்த வாரம் வந்தார்.

"உனக்கு எவ்வளவு உறுதியா இருந்துச்சு?"

சார் அன்று மார்க்கைப் பற்றிப் பேசவே இல்லை. அந்தத் தம்பியின் தாளை எடுத்து, தனியாகக் கேட்டார்.

"இதை எழுதறப்ப உனக்கு எவ்வளவு உறுதியா இருந்துச்சு?"

"நூத்துக்கு நூறு சார். தினமும் அதைத்தான் செய்யறேன். மட்டம் இறங்குனா பம்பைப் போடுவேன்."

"மட்டம் இறங்குனா. சரி. கிளாஸ்ல தெரியாமயே போன நாள் உண்டா?"

தம்பி யோசித்தார். "இல்லீங்க சார்."

"அதான் விஷயம். கிளாஸ்ல கீழ்ப்பக்கம் தண்ணி தெரியறப்ப பம்பைப் போடறது சரி. நீ நாலு வருஷமா சரியாத்தான் செஞ்சிருக்க. அந்தச் சரியான வழக்கத்தையே, அது செல்லாத இடத்துக்கும் கொண்டுபோயிட்ட."

இந்தக் கட்டுரையில் நாங்கள் சொல்ல விரும்புவது இதைத்தான். ஒரு பிள்ளை தவறான பதில் எழுதினால், அது பெரும்பாலும் வெறும் அறியாமை இல்லை. வேறொரு இடத்தில் சரியாக இருக்கும் ஒன்றை, அது பொருந்தாத இடத்தில் வைத்திருப்பான். 'இது தப்பு, சரியான விடை இது' என்று சிவப்பு மையில் எழுதிக் கொடுத்தால், அவன் விடையை மனப்பாடம் செய்வான். பழைய நம்பிக்கை உள்ளே அப்படியே இருக்கும். அவசரம் வரும்போது கை போவது பழைய நம்பிக்கையின் பக்கம்தான். ஏன் அப்படி நினைத்தோம் என்று கண்டுபிடித்தால்தான் தவறு வேரோடு வரும்.

இதில் ஒரு நல்ல செய்தியும் உண்டு. அமெரிக்காவில் பட்டர்ஃபீல்ட், மெட்கால்ஃப் என்ற இரு உளவியல் ஆய்வாளர்கள் 2001இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, நிச்சயம் சரி என்று நம்பி எழுதிய தவறைத் திருத்திக் காட்டும்போது, அரைகுறை நம்பிக்கையோடு எழுதிய தவறைவிட அது நன்றாக மனதில் நிற்கிறது என்று காட்டியது. 'இதுவா தப்பு?' என்று திடுக்கிடும்போது மனம் விழித்துக்கொள்கிறது. ஆகவே அடிக்கோடு போட்டு எழுதிய தவறுதான் அதிக லாபம் தரும் தவறு. அதைக் கண்டு வெட்கப்பட்டுத் தாளை மடித்துவைத்தால் நஷ்டம் நமக்கே.

இது நமக்குப் புதிதல்ல

ஹிஃப்ழு மதரஸாவில் ஓதிய பிள்ளைகளின் முஸ்ஹஃபைத் திறந்து பாருங்கள். பக்கத்துக்குப் பக்கம் பென்சில் வட்டங்கள் இருக்கும். பிள்ளை தடுக்கிய சொல்லை உஸ்தாத் வட்டமிடுவார். ஒரே மாதிரி தொடங்கும் இரண்டு ஆயத்துகளில், ஒன்றில் தொடங்கி மற்றொன்றுக்குள் பிள்ளை நழுவியிருந்தால் இரண்டு இடத்திலும் குறி போடுவார். மறுநாள் அந்த இடத்தைக் கேட்பார். ஒரு வாரம் கழித்து மறுபடியும் கேட்பார். வட்டம் அதிகம் உள்ள பக்கம்தான் பின்னாளில் உறுதியாக நிற்கும் பக்கம். தராவீஹில் இமாம் ஓரிடத்தில் தடுமாறினால் பின்னால் நிற்கும் ஹாஃபிழ் எடுத்துக் கொடுக்கிறார். இமாம் அதை வாங்கிக்கொண்டு மேலே ஓதுகிறார். அங்கே யாரும் மார்க் போடுவதில்லை. அந்த வழக்கத்தை இன்ஜினியரிங் வகுப்புக்கு மட்டும் நாங்கள் மறந்துவிட்டோம்.

நோட்டில் என்ன எழுதுவது?

அன்றிலிருந்து வகுப்பில் ஒவ்வொருவருக்கும் ஒரு நாற்பது பக்க நோட்டு. அதன் பெயரே 'தவறு நோட்டு'. மாதிரித் தேர்வு எழுதும்போதே ஒவ்வொரு விடைக்கும் பக்கத்தில் ஓர் எழுத்து போட வேண்டும். உறுதி என்றால் 'உ', சந்தேகம் என்றால் 'ச', ஊகம் என்றால் 'ஊ'. திருத்திய பிறகு, தவறான ஒவ்வொன்றுக்கும் நோட்டில் நான்கு வரி: நான் எழுதியது என்ன, ஏன் அப்படி நினைத்தேன், சரியானது என்ன, அடுத்த முறை எதைப் பார்த்து உஷாராவேன். ஊகித்து எழுதிச் சரியாக வந்தவையும் நோட்டுக்குப் போக வேண்டும். அதிர்ஷ்டத்தில் வந்த மார்க் நம்முடைய மார்க் இல்லை.

சில மாதங்களில் நோட்டுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, தவறுகள் நான்கு வகையில் அடங்கின.

முதல் வகை, பழக்கத்தால் வரும் நம்பிக்கை. மேலே சொன்ன கேஜ் கிளாஸ் இந்த வகை. பிரஷர் கேஜும் இப்படித்தான். கேஜில் முள் 10 கிலோவில் நின்றால், நீராவி அட்டவணையிலும் 10ஐப் பார்த்து எழுதிவிடுகிறார்கள். கேஜ் காட்டுவது வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேல் உள்ளதை மட்டும். அட்டவணை முழு அழுத்தத்துக்கு உரியது. காற்றின் பங்காகச் சுமார் ஒன்றைக் கூட்டி 11இல் பார்க்க வேண்டும். 10இல் நீராவியின் வெப்பநிலை சுமார் 179 டிகிரி, 11இல் சுமார் 183 டிகிரி. பட்டறையில் எல்லோரும் '10 கிலோ பிரஷர்' என்றே பேசுவதால் இந்த ஒன்று விட்டுப்போகிறது.

இரண்டாம் வகை, பாதியில் நின்ற புரிதல். ஒரு கணக்கு: மணிக்கு 3,000 கிலோ நீராவி, ஒரு கிலோ நீராவியில் உள்ள மொத்த வெப்பம் 664 கிலோ கலோரி, ஃபீட் தண்ணீர் 60 டிகிரி, மணிக்கு 720 கிலோ விறகு, விறகின் வெப்ப மதிப்பு கிலோவுக்கு 3,500 கிலோ கலோரி. பாய்லரின் திறன் என்ன? மூன்று பேர் 79 சதவீதம் என்று எழுதினார்கள். அவர்கள் 664ஐ அப்படியே 3,000ஆல் பெருக்கிவிட்டார்கள். தண்ணீர் உள்ளே வரும்போதே 60 கிலோ கலோரியைக் கொண்டுவருகிறது. அது விறகு கொடுத்ததல்ல. 604ஐத்தான் பெருக்க வேண்டும். அப்போது 18,12,000ஐ 25,20,000ஆல் வகுக்க, விடை சுமார் 72 சதவீதம். சூத்திரம் மூவருக்கும் தெரியும். அதில் ஏன் கழித்தல் இருக்கிறது என்பதுதான் தெரியவில்லை. நோட்டில் ஒருவர் எழுதிய வரி எங்களுக்குப் பிடித்தது: 'விறகு சம்பாதிக்காததை விறகின் கணக்கில் எழுதாதே.'

மூன்றாம் வகை, கேள்வியை வாசிக்காத தவறு. ஃபீட் தண்ணீரில் கரைந்த உப்பு 300 பிபிஎம். பாய்லருக்குள் 3,500 வரை அனுமதி. புளோ டவுன் எத்தனை சதவீதம்? ஃபீட் தண்ணீரில் எத்தனை என்று கேட்டால் 300ஐ 3,500ஆல் வகுக்க வேண்டும், சுமார் 8.6 வரும். உண்டாகும் நீராவியில் எத்தனை என்று கேட்டால், 3,500இலிருந்து 300ஐக் கழித்து 3,200ஆல் வகுக்க வேண்டும், சுமார் 9.4 வரும். கணக்கு இரண்டும் சரிதான். கேட்டது எது என்பதில்தான் மார்க் இருக்கிறது. இந்த வகைத் தவறு செய்கிறவர்களுக்குப் புத்தகம் உதவாது. 'எதில்?', 'எதற்கு?' என்ற சொல்லைக் கேள்வித்தாளில் அடிக்கோடு போடும் பழக்கம்தான் உதவும்.

நான்காம் வகை, உண்மையிலேயே தெரியாதது. இதற்குத் தவறு நோட்டு போதாது, பாடத்தைத்தான் படிக்க வேண்டும். படிக்காமல் மாதிரித் தேர்வாக எழுதிக்கொண்டே இருந்தால் அதே பள்ளத்தில் திரும்பத் திரும்ப விழுவோம்.

'கவனக்குறைவு' என்று யாரும் நோட்டில் எழுதக்கூடாது என்பது சாரின் கட்டளை. அந்தச் சொல் ஒரு மூடி. அதைப் போட்டால் உள்ளே இருப்பது தெரியாது. கிலோ கலோரியையும் கிலோ ஜூலையும் கலந்தேன், 604 என்பதை 640 என்று எழுதினேன் என்று நடந்ததை எழுத வேண்டும்.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. வாட்ஸ்அப்பில் சுற்றும் விடைத்தாள்கள் எல்லாம் வேதவாக்கல்ல. ஒரு முறை அப்படி வந்த தாளில் விடை தவறாக இருந்தது. சரியாக எழுதிய பிள்ளை தன் விடையை அடித்துவிட்டார். விடை ஒத்துவரவில்லை என்றால் நீராவி அட்டவணையைப் பார்க்க வேண்டும், புத்தகத்தைப் பார்க்க வேண்டும், சாரைக் கேட்க வேண்டும்.

ஒன்றரை ஷிப்ட்டுக்கு நடுவில்

'இவ்வளவுக்கும் நேரம் எங்கே?' என்று கேட்பீர்கள். காலையில் போய் இரவு எட்டரைக்கு வரும் பிள்ளைக்குத் தினமும் இரண்டு மணி நேரம் படி என்று சொல்வது எளிது, நடக்காது. நாங்கள் கேட்பது குறைவுதான். ஞாயிறு ஒரு மணி நேர மாதிரித் தேர்வு. அன்றே நோட்டில் நான்கு வரிகள். மூன்று நாள் கழித்து, விடையைக் கையால் மூடிக்கொண்டு, தவறிய கணக்குகளை மட்டும் மறுபடி போட வேண்டும். அடுத்த ஞாயிறு எண்களை மாற்றி ஒருமுறை. மாதக் கடைசியில் ஒருமுறை. மூன்று தடவையும் சரியாக வந்தால் அந்தப் பக்கத்தின் மூலையை மடித்துவிடலாம். ஒரு நாளைக்குப் பதினைந்து நிமிடத்துக்கு மேல் ஆகாது.

விடையை வாசிப்பது வேறு, மூடிவைத்து எழுதிப் பார்ப்பது வேறு. 2006இல் ரோடிகர், கார்பிக் என்ற இரு ஆய்வாளர்கள் மாணவர்களுக்குப் பாடப் பகுதிகளைக் கொடுத்தார்கள். சிலர் அதையே திரும்பப் படித்தார்கள். சிலர் பாராமல் எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பப் படித்தவர்களே முன்னால் நின்றார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது எழுதிப் பார்த்தவர்களுக்குத்தான் அதிகம் நினைவிருந்தது. தேர்வு ஐந்து நிமிடத்தில் வருவதில்லை, மாதங்கள் கழித்து வருகிறது.

கல்லூரியில் கேட் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கும் இதே நோட்டு பொருந்தும். 65 கேள்வி, 100 மார்க், மூன்று மணி நேரம். ஒரே விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகளில், ஒரு மார்க் கேள்வி தவறினால் மூன்றில் ஒரு பங்கும், இரண்டு மார்க் கேள்வி தவறினால் மூன்றில் இரண்டு பங்கும் கழித்துவிடுவார்கள். எண்ணாக விடை எழுதும் கேள்விகளில் கழிவு இல்லை. தன் 'உ' எத்தனை முறை பொய்த்தது, தன் 'ஊ' எத்தனை முறை பலித்தது என்று அறிந்த பிள்ளைக்குத்தான் எதைத் தொடுவது, எதை விடுவது என்று தெரியும்.

வீட்டில் இருப்பவர்களுக்கு

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். பிள்ளை மாதிரித் தேர்வு எழுதிவிட்டு வந்தால் நாம் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை மார்க்?" அடுத்தது, "பக்கத்து வீட்டுப் பையன் எத்தனை?" இந்த இரண்டும் பிள்ளைக்குத் தவறை ஒளிக்கத்தான் சொல்லிக் கொடுக்கின்றன. எங்களுடைய நோட்டீஸ் போர்டு செய்ததும் அதுதான்.

அதற்குப் பதிலாக, "இன்னைக்கு எந்தத் தப்பு கிடைச்சது? எனக்குச் சொல்லு" என்று கேளுங்கள். பாய்லரைப் பற்றி உங்களுக்கு ஒன்றும் தெரிய வேண்டியதில்லை. தெரியாதவருக்குப் புரியும்படி சொல்ல முடிந்தால் பிள்ளைக்கு விளங்கிவிட்டது என்று பொருள். வாய்மொழித் தேர்வுக்கும் அதுதான் பயிற்சி. ஒரு தாய் எங்களிடம் சொன்னார்: "குக்கர்ல தண்ணி வத்துனா என்ன செய்யணும்னு இப்ப அவன் எனக்குப் பாடம் எடுக்கறானுங்க." அவர் பையனுக்கு அந்தக் கேள்வி இனி மறக்காது.

ஓர் இரவு

முடிக்குமுன் ஒரு செய்தி. இதை அந்தத் தம்பி எங்களிடம் சொல்லவில்லை. அவருடன் வேலை பார்ப்பவர் சொன்னார்.

சில வாரங்களுக்கு முன் இரவு ஷிப்ட்டில், ஃபீட் பம்ப் ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. ஆனால் கிளாஸில் தண்ணீர் இல்லை. மட்டம் குறைந்தால் தானாக நிறுத்த வேண்டிய மோப்ரே நிறுத்தவில்லை. தம்பி காக்கைத் திறந்து மூடிப் பார்த்தார். தண்ணீர் திரும்பவில்லை. இரண்டாவது பம்பைப் போடலாம் என்று ஒருவர் ஓடினார். தம்பி கத்தி அவரை நிறுத்தினார். விசிறிகளை நிறுத்தினார், விறகை நிறுத்தினார், எல்லோரையும் வெளியே போகச் சொன்னார். பிறகு பார்த்தபோது, தொட்டியிலிருந்து வரும் வழியில் ஸ்டெரெய்னர் அடைத்து, பம்ப் தண்ணீர் இல்லாமல் வெறுமனே சுற்றிக்கொண்டிருந்தது. அந்த இரவு சாய மெஷினில் இருந்த ஒரு லாட் ஷேடு கெட்டது. காலையில் தம்பிக்குத் திட்டு விழுந்தது. பாய்லரைச் சோதித்த பிறகு யாரும் திட்டவில்லை.

அவர் இன்னும் தேர்வு எழுதவில்லை. அடுத்த முறை எழுதுகிறார். அவருடைய தவறு நோட்டின் முதல் பக்கத்தில் அந்தக் கேள்வி இருக்கிறது. மூன்று முறை சரியாக எழுதிய பிறகும் அந்தப் பக்கத்தின் மூலையை அவர் மடிக்கவில்லை.

வகுப்பு வழக்கம்போல ஞாயிறு அஸருக்குப் பிறகு நடக்கும். பாய்லர் தேர்வுக்கு மட்டுமல்ல, மின் மேற்பார்வையாளர் சான்றுக்கோ வேறு தொழில் தேர்வுக்கோ படிக்கும் பிள்ளைகளும் வரலாம். நோட்டு அறக்கட்டளை தரும். பேனாவும், எழுதிய பழைய மாதிரித் தாள் ஒன்றும் கொண்டுவந்தால் போதும். குறைந்த மார்க் வாங்கிய தாளாக இருந்தால் இன்னும் நல்லது. நோட்டீஸ் போர்டில் இனி வகுப்பு நேரம் மட்டுமே இருக்கும், இன்ஷா அல்லாஹ்.

நம் பிள்ளைகளின் உழைப்பையும் உயிரையும் அல்லாஹ் பாதுகாப்பானாக. வஸ்ஸலாம்.